தேடலில் முதலில் வரும் எண்ணை நம்பாதீர்கள்

ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிடுகிறது. ஆன்லைனில் வாங்கிய புடவை கிழிந்து வருகிறது. உடனே செல்போனை எடுத்து ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணுக்கு அழைக்கிறோம். “ரீஃபண்ட் போட்டுடறேம்மா, இந்த ஆப்பை மட்டும் இறக்கிக்குங்க” என்று மறுமுனையில் தன்மையாகச் சொல்கிறார்கள். இறக்கி, அவர்கள் கேட்கும் அனுமதியைக் கொடுத்த நொடியில் உங்கள் செல்போன் திரை அவர்கள் கையில். கார்டு எண்ணும் ஓடிபியும் அவர்கள் கண்முன்னே. எனிடெஸ்க் செயலி இப்படிப் பயன்படுவதாக ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. இன்றும் படித்தவர்களே ஏமாறுகிறார்கள்.

கூகுள் 2000-ல் விளம்பரத்துக்கு இடம் விற்கத் தொடங்கியது. இன்று தேடல் பக்கத்தின் உச்சி பல நேரம் காசு கொடுத்தவருக்கே. ‘ஸ்பான்சர்டு’ என்று பக்கத்தில் சிறிதாகப் போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. கூகுள் மேப்பில் ஒரு வங்கிக் கிளையின் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். இப்போது பக்கத்தின் மேலேயே ஏஐ சுருக்கம் வேறு வருகிறது. பல தளங்களில் எழுதிவைத்த போலி எண் அதிலும் நுழைந்துவிடலாம். மேலே இருப்பதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற நினைப்பை முதலில் விடுங்கள்.

வங்கியின் எண் உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. இணையதளம்தான் வேண்டுமென்றால் முகவரியைப் பாருங்கள். வங்கிகளின் முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதற்குக் கெடு 2025 அக்டோபர் 31. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள்.

பணம் போய்விட்டதா? முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. வீட்டில் கூடிப் பேசுவதும் மைத்துனரைக் கேட்பதும் அப்புறம். உங்கள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும். 1930-ல் உடனே பதிவானால் அது நிற்கும் வங்கியில் முடக்கிவைக்க முடியும். வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஒப்புகை எண்ணை வைத்து, 24 மணி நேரத்துக்குள் ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் புகாரை முழுமையாக்குங்கள். பலர் 1930-க்குப் பேசியதோடு நிறுத்திவிடுகிறார்கள். புகார் அங்கேயே படுத்துவிடுகிறது.

அடுத்து வங்கி. “முதல்ல போலீசுக்குப் போங்க” என்று கிளையில் தட்டிக்கழிப்பார்கள். அசையாதீர்கள். புகாரை இரண்டு பிரதி எழுதிக் கொடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், புகார் தெரிவித்த பிறகு போகும் தொகைக்கு வங்கிதான் பொறுப்பு. அந்தச் சீல்தான் அதற்குச் சாட்சி. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

காவல் நிலையத்தில் “இது எங்க லிமிட் இல்லை” என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றாக வேண்டும் என்கிறது அது. எஃப்ஐஆர் நகல் இலவசம். நாளைக்கு வாருங்கள் என்று அலைக்கழிக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. முடக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறப் பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். அப்போது இந்தத் தாள்கள் இல்லாமல் ஒன்றும் நகராது.

போலி விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் அருகிலுள்ள மூன்று புள்ளியை அழுத்திக் கூகுளிடமும் புகார் செய்யுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. கூகுளில் உங்கள் கடைப் பக்கத்தை உங்கள் பெயரில் உரிமை கோரிப் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். அதில் இருக்கும் எண்ணுக்கு வேறொரு செல்போனிலிருந்து அழைத்து, உங்கள் கடையில்தான் மணி அடிக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.