'மா' யாருடைய சொல்?

'மா' என்கிற ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் மாமரம், விலங்கு, பெரிது. தஞ்சை விவசாயிக்கு அது நில அளவு: 20 மா ஒரு வேலி. சமஸ்கிருதத்தில் செய்யாதே என்னும் தடை. சீனத்தின் மாண்டரினில் தொனி மாற மாற அம்மா, சணல், குதிரை, திட்டு.

ஓசைக்குள்ளே அர்த்தம் ஒளிஞ்சு கிடக்கல. ஒரு மொழிக்குள் மற்ற சொற்களோடு அதற்குள்ள வேறுபாடே அர்த்தத்தைத் தருகிறது என்பது 1916இல் வெளியான சசூரின் நூல் முன்வைத்த வாதம்.

தெலுங்கில் 'மா' என்றால் 'எங்கள்'. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'மன'. 'மன' இருப்பதால்தான் 'மா' விலக்குகிற சொல்லாகிறது. 'மா ஊரு' என்றதுமே கேட்பவர் ஊருக்கு வெளியே. இந்தியில் இரண்டுக்கும் 'ஹமாரா' ஒன்றுதான். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பது சொல்லில் தெரியாது.

தமிழிலும் 'நம்', 'எங்கள்' என்று இரண்டு உண்டு. மேடையில் 'நம் பண்பாடு' என்று முழங்குகிறவரே, தலித் ஊர்வலம் வந்தால் 'இது எங்க தெரு' என்கிறார். 'நம்' எந்த இடத்தில், யாரைப் பார்த்ததும் 'எங்க' ஆகிறது? பிரதியை வாசிக்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இது.