வேலை தொடங்கும் நாள் எது?

ஒப்பந்தத்தின்பேரில் கொத்து வேலை, மின்கம்பி வேலை செய்வோரை மிகவும் வாட்டுவது, "அடுத்த வாரம் தொடங்கலாம்" என்னும் வாக்கே. அதை நம்பி, தேடிவந்த வேறு வேலையை மறுத்துவிட்டுக் காத்திருப்பர். வீட்டு அடுப்போ காத்திராது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. அதன் 67ஆம் பிரிவு வீடு பழுதுபார்க்கும் வேலையையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது: பழுதுபார்க்கவேண்டிய இடங்களை வீட்டுக்காரர் காட்டாது அசட்டை செய்தால், அதனால் வேலை நடவாமற்போனதற்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பல்லர். ஆனால் நாள் குறிக்காத வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு யார் வழக்காடுவது?

ஆகவே முன்பணம் வாங்கும்போதே, தொடங்கும் நாளையும், அது தவறினால் எத்தனை நாள் காத்திருப்பதென்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நலம். (வீட்டுக்காரராகிய நம்மில் பலர் இத்தாளை விரும்புவதில்லை!) தவணை கடந்தபின் வேறு வேலையை ஏற்பதாயின், முதலாமவருக்கு எழுத்தில் அறிவித்து, செய்யாத வேலைக்குரிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.