காற்புள்ளியும் அரைப்புள்ளியும்

ஆங்கிலம் எழுதப் பழகும் பிள்ளைகளிடம், "கமாவை எங்கே இடுவாய்?" என்று கேட்டால், "மூச்சு விடும் இடத்தில், ஐயா" என்றே பெரும்பாலோர் விடையிறுப்பர். செமிகோலனைப் பற்றிக் கேட்டாலோ, "இன்னும் சற்று நீண்ட மூச்சு" என்பர். விருதுநகர் வட்டாரத்துப் பள்ளிகளில் நான் கற்பித்த காலமெல்லாம் இவ்விடையைக் கேட்டிருக்கிறேன். உரக்கப் படிப்பவனுக்கு இது ஓரளவு துணை செய்யும். எழுதுபவனுக்கோ இடர்தான், அவனவன் மூச்சுக்குத் தக்கபடி இலக்கணம் மாறுமா?

இந்த எண்ணம் நம்மிடம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது இக்குறிகள் இருந்தில. மெய்யெழுத்துக்கு உரிய புள்ளியையே பல சுவடிகளில் காண முடியாது. அச்சுக்கலை பரவிய பின்னர், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் இவற்றை ஒழுங்குறக் கையாண்டு வழிகாட்டினார். அதற்கு முன் படித்தவர்கள் பொருள் மயங்காமல் படித்தது எவ்வாறு? தமிழ் வினையே குறியின் வேலையைச் செய்துவந்தது. 'பற்றவைத்து' என்றால் வாக்கியம் முடியவில்லை என்று அறிகிறோம். 'பற்றவைத்தான்' என்றால் முடிந்தது. எச்சமும் முற்றும் இருக்கும் மொழிக்குக் காற்புள்ளி ஓர் அணிகலன் போன்றது. ஆங்கிலத்தில் அவ்வேலையின் பெரும்பகுதியை இணைப்புச் சொற்களும் இக்குறிகளுமே சுமக்கின்றன.

சிவகாசியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பட்டாசுக்குப் புகழ்பெற்ற அவ்வூர் அச்சுத் தொழிலுக்கும் புகழ்பெற்றது என்பதை நேயர்கள் அறிவர். அங்கே ஒரு புஸ்வாணப் பெட்டியின் மேல், "லைட் தி ஃபியூஸ், மூவ் அவே" என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். இதைத் தமிழில், "திரியைப் பற்றவைத்து விலகி நில்லுங்கள்" என்று ஒரே முற்றில் முடிப்போம். ஆங்கிலத்திலோ 'லைட்' என்பதும் ஏவல் முற்று, 'மூவ்' என்பதும் ஏவல் முற்று. இரண்டு முற்றுகளை ஒரு காற்புள்ளி தாங்காது. நடுவில் 'அண்ட்' சேர்க்கலாம். முற்றுப்புள்ளி இட்டு இரண்டாக்கலாம். இரண்டும் நெருங்கிய கருத்துகள் ஆதலின் அரைப்புள்ளியும் இடலாம்.

என் மாணவர்க்கு நான் கூறிவந்த சோதனை எளியது. குறிக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைத் தனித்தனிக் காகிதத்தில் எழுதுக. இரண்டும் தாமே முழு வாக்கியமாக நின்றால் காற்புள்ளி மட்டும் போதாது. ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நின்றால் அரைப்புள்ளி அங்கே ஆகாது. ஒரு பொறி மட்டும் உண்டு: 'ஹௌவெவர்', 'தேர்ஃபோர்' என்பன 'அண்ட்', 'பட்' போன்ற இணைப்புச் சொற்கள் அல்ல. "இட் ரெய்ன்ட்; தேர்ஃபோர், தி வொர்க் ஸ்டாப்ட்" என்பதில் அரைப்புள்ளியை நீக்கிக் காற்புள்ளி இட்டால் பிழையே. பட்டதாரிகளும் இதில் இடறுவர்.

பட்டியலுக்குள் பட்டியல் வரும்போதும் அரைப்புள்ளி வேண்டும். "சாத்தூர், விருதுநகர் மாவட்டம்; கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்" என்று எழுதினால் எது ஊர், எது மாவட்டம் என்ற குழப்பம் இராது. நம் அரசியலமைப்பின் ஆங்கில முகப்புரையை எடுத்துப் பாருங்கள். சுதந்திரத்தின் கீழ் வரும் எண்ணம், வெளியீடு, நம்பிக்கை முதலியன காற்புள்ளியால் பிரிந்து நிற்கும்; நீதி, சுதந்திரம், சமத்துவம் என்னும் பெருந்தொகுதிகளை அரைப்புள்ளி பிரித்து வைக்கும்.

இவ்விரு குறிகளுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நூரம்பர்க் விசாரணையைப் போன்ற சான்று வேறில்லை. 1945 ஆகஸ்டு 8ஆம் நாள் நான்கு வல்லரசுகள் இலண்டனில் ஒப்பமிட்ட சாசனத்தின் 6ஆம் பிரிவு, மனித குலத்துக்கு எதிரான குற்றங்களை இரு பகுதிகளாகக் கூறியது. போருக்கு முன்னரோ போரின்போதோ குடிமக்களைக் கொல்லுதல், அடிமைப்படுத்துதல் முதலியன முதற் பகுதி. அரசியல், இனம், சமயம் பற்றிய கொடுமைகள் இரண்டாம் பகுதி. அதன் பின்னே, நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட ஏதேனுமொரு குற்றத்துடன் அவை தொடர்புற்றிருக்க வேண்டும் என்ற வரையறை வந்தது. இரு பகுதிகளுக்கும் நடுவே ஆங்கில, பிரெஞ்சு மூலங்களில் அரைப்புள்ளி நின்றது. ருசிய மூலத்தில் காற்புள்ளி. அரைப்புள்ளியானால் அவ்வரையறை இரண்டாம் பகுதியை மட்டுமே கட்டும். காற்புள்ளியானால் கொலையையும் சேர்த்துக் கட்டும். அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் பெர்லினில் தனி உடன்படிக்கையே செய்து அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினர். 1946இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், 1939க்கு முன் ஜெர்மனிக்குள் நிகழ்ந்த கொடுமைகள் மிகப் பயங்கரமானவை என்று ஒப்பினர். ஆயினும் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட குற்றத்துடன் தொடர்பு மெய்ப்பிக்கப்படாமையால், அவற்றைப் பொதுப்பட அக்குற்றத்தின்பாற் சேர்க்க இயலாது என்றனர்.

தமிழறிவு நமக்குக் கைகொடுக்காத இடம் ஒன்றையும் கூற வேண்டும். பட்டாசு ஆலைக்குள் செயற்கை இழைத் துணி உடுத்திச் செல்லலாகாது. அதில் உராய்வால் மின்னேற்றம் திரளும். ஒரு சிறு பொறி போதும், மருந்து தீப்பற்றிவிடும். ஆதலின் பருத்தி ஆடையே விதி. இதை ஆங்கிலப் பலகையில் எழுதும் ஒருவர், "வொர்க்கர்ஸ் ஹூ வேர் காட்டன் மே என்டர்" என்று குறியின்றி எழுதினால், பருத்தி உடுத்தியவர் மட்டுமே நுழையலாம் என்று பொருள். அழகுக்காக 'ஹூ' என்பதற்கு முன்னும் 'காட்டன்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி இட்டுவிட்டாலோ, தொழிலாளர் அனைவரும் நுழையலாம், அவர்கள் பருத்தி உடுத்துபவர்கள் என்று பொருள் மாறிவிடும். விதி வெறும் செய்தியாகிவிட்டது! தமிழில் "பருத்தி உடுத்திய தொழிலாளர் நுழையலாம்" என்னும் தொடர் இரு பொருளுக்கும் இடந்தரும். 'மட்டும்' என்று ஒரு சொல் சேர்த்து நாம் ஐயம் நீக்குவோம். ஆங்கிலத்தில் அவ்விரு காற்புள்ளிகளை இடாதிருத்தலே போதும். பலகை எழுதுவோர் அதற்கு மேலும் அஞ்சி 'ஒன்லி' என்று சேர்ப்பாராயின், நான் சிவப்பு மை கொண்டு அதை அடிக்கமாட்டேன்.