இரண்டு சுழியா, மூன்று சுழியா?



போன விடுமுறையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஊர்ப் பள்ளியின் ஆண்டு மலரில் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளுக்கு இன்றும் அவர்தான் மெய்ப்புத் திருத்துகிறார். அன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, கணினித் திரையில் முட்டுகிற அளவுக்கு முகத்தை வைத்திருந்தார்.

"இந்தப் பையன் 'மல்லிகை மணம்' என்று எழுதியிருக்கிறானா, 'மல்லிகை மனம்' என்று எழுதியிருக்கிறானா? சுழி இரண்டா மூன்றா என்றே தெரியவில்லையே" என்றார்.

எட்டிப் பார்த்தேன். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஈரத்தாளில் பேனா மை ஊறியதுபோல ஓரமெல்லாம் மங்கியிருந்தது. "எழுத்து சின்னதாக இருக்கிறது" என்று அவர் சொன்னதால், முந்தைய வாரம் வந்த உறவினர் கணினியில் ஓர் அமைப்பை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1920 × 1080 என்று இருந்தது 1280 × 720 ஆகியிருந்தது.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன? இரவில் வரும் பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஒளிரும் மின்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் சின்னச் சின்ன விளக்குகள். கணினித் திரையும் அப்படித்தான். அதன் புள்ளிகள் மட்டும் மிக மிகச் சிறியவை. ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. இந்தக் கணக்குக்குத்தான் ரெசல்யூஷன், தமிழில் தெளிவுத்திறன், என்று பெயர். 24 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வீட்டில் கேட்டு, கைப்பேசியில் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஈர விரல் நுனியால் திரையில் கடுகளவு நீர்த்துளி ஒன்றை வையுங்கள். துளி உருப்பெருக்கிக் கண்ணாடியாகிவிடும். வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள் மினுங்கும். ஒரு பிக்சலுக்குள் இந்த மூன்று நிறங்களும் இருக்கின்றன. சிவப்பும் பச்சையும் சேர்ந்து ஒளிர்ந்தால் மஞ்சள். மூன்றும் முழுதாக ஒளிர்ந்தால் வெள்ளை. பார்த்து முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

படத்தைப் புள்ளிகளாக்கிக் கணினிக்குள் முதன்முதலில் கொண்டுபோனவர் அமெரிக்க அறிவியலாளர் ரஸ்ஸல் கிர்ஷ். 1957இல் தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படம் ஒன்றை 176 × 176 புள்ளிகளாக்கினார். மொத்தம் 30,976 புள்ளிகள். பெரியப்பாவின் திரையில் உள்ள புள்ளிகள் அந்த அளவுப் படங்கள் 66-க்குப் போதும்!

இப்போது உங்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். ஒரு கட்டம் ஒரு பிக்சல். கட்டத்தை முழுதாக நிரப்பலாம், அல்லது காலியாக விடலாம். பாதி நிரப்பக் கூடாது. அகலம் ஐந்து, உயரம் ஏழு கட்டத்துக்குள் ஆங்கில 'எல்' எழுத்தை வரையுங்கள். சுலபமாக வந்துவிடும். அதே இடத்துக்குள் 'ண' வரைந்து பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பதினாறுக்குப் பதினாறு கட்டம் எடுத்துக்கொண்டால் மூன்று சுழியும் தனித்தனியே மூச்சு விடும். வளைவும் சுழியும் நிறைந்த நம் எழுத்துகளுக்குப் புள்ளி நிறைய வேண்டும். புள்ளி குறைந்தால் முதலில் திணறுவது ணகரமும் ஞகரமும்தான்.

பெரியப்பாவின் திரையில் என்ன நடந்தது என்று இனிச் சொல்லிவிடலாம். இன்றைய தட்டைத் திரைகளில் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. கணினியில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் திரையில் உள்ள 1920 புள்ளியில் ஒன்றுகூடக் குறையாது. கணினி அனுப்பும் படத்தில்தான் புள்ளி குறையும். 1280 புள்ளிப் படத்தை 1920 புள்ளியில் பரப்ப வேண்டுமென்றால், படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒன்றரைப் புள்ளியை நிரப்ப வேண்டும். அரைப் புள்ளிக்கு எங்கே போவது? கட்டத்தைப் பாதி நிரப்பக் கூடாது என்றேனே, திரைக்கும் அதே சட்டம்தான். அதனால் ஒரு புள்ளியைக் கறுப்பாகவும் பக்கத்துப் புள்ளியைச் சாம்பலாகவும் காட்டிச் சமாளிக்கிறது. 'ண' எழுத்தில் சுழிக்கும் சுழிக்கும் நடுவே இருந்த வெள்ளை இடைவெளியில் அந்தச் சாம்பல் வந்து உட்கார்ந்துகொண்டது. பாவம், பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து என்ன பயன்?

நான் செய்தது இரண்டே வேலை. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறந்தேன். 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று எழுதியிருந்த 1920 × 1080ஐத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் அந்தத் திரையோடு பிறந்த எண். மாற்றியதும், இதையே வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் 15 விநாடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தப்பான எண்ணைத் தேர்ந்தெடுத்துத் திரை இருண்டுபோனாலும் பயப்பட வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும்.

எழுத்து கூர்மையானது. ஆனால் சின்னதாகிவிட்டது! அதற்குத்தான் இரண்டாவது வேலை. அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கிறது. அதை 100 சதவீதத்திலிருந்து 150 ஆக்கினேன். எழுத்து மறுபடியும் பெரிதானது, மங்கல் மட்டும் திரும்பி வரவில்லை.

ஏன் என்று பாருங்கள். கணினி தன் எழுத்துகளைப் புள்ளிகளாகச் சேர்த்து வைப்பதில்லை. எந்த இடத்தில் எப்படி வளைய வேண்டும் என்ற வளைவுக் கணக்காக வைத்திருக்கிறது. பெரிதாக வேண்டும் என்றால் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் புதிதாக வரைகிறது. 16 × 16, அதாவது 256 புள்ளியில் இருந்த எழுத்து, 150 சதவீதத்தில் 24 × 24 ஆகி 576 புள்ளியில் உருவாகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தபோது கண்ணுக்குத் தெரிந்த அதே அளவுதான் இப்போதும். ஆனால் அன்று 256 புள்ளியை இழுத்துப் பரப்பினோம். இன்று 576 புள்ளியும் எழுத்துக்காகவே உழைக்கின்றன.

சரி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் திரையில் இடம் குறையுமே? குறையும். அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓர் அட்டையின் நடுவில் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, செய்தித்தாளின் மேல் வையுங்கள். ஜன்னல் வழியே கொஞ்சம்தான் தெரியும். அட்டையை நகர்த்தினால் அடுத்த பகுதி தெரியும். தாள் அப்படியே கிடக்கிறது, ஜன்னல்தான் நகர்கிறது. திரையை ஜன்னல் என்றும் டெஸ்க்டாப்பைத் தாள் என்றும் வைத்துக்கொண்டால், திரையைவிடப் பெரிய டெஸ்க்டாப் கிடைத்துவிடும் இல்லையா? இதுதான் மெய்நிகர் டெஸ்க்டாப்.

1990களில் லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்ஃப்ரீ86 என்ற மென்பொருள் இதைச் செய்தது. திரை 800 × 600 புள்ளிதான் காட்டும். டெஸ்க்டாப்போ 1152 × 900 இருக்கலாம். மவுஸைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால், மறைந்திருந்த பகுதி வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எண்பலகையின் கூட்டல் குறியைத் தட்டினால் ஜன்னலின் அளவும் மாறும். அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரைகள் மின்னணுக் கதிரால் படம் வரைந்தவை. அவற்றுக்குத் தட்டைத் திரைபோல ஒரே எண் என்ற கட்டாயம் இல்லை.

அது என்ன 1152 × 900? டெஸ்க்டாப் முழுவதையும் கணினி தன் படநினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். அன்று பலரிடம் இருந்தது 1 மெகாபைட், அதாவது 10,48,576 பைட். 256 நிறம் போதுமென்றால் புள்ளிக்கு ஒரு பைட். 1152ஐ 900ஆல் பெருக்கிப் பாருங்கள்: 10,36,800. ஒரு மெகாபைட்டுக்குள் சிக்கனமாகப் பொருந்திவிடுகிறது! இன்றைய 1920 × 1080 திரையில் புள்ளிக்கு மூன்று பைட் வேண்டும், மொத்தம் 62,20,800. அன்றைய நினைவகத்தில் ஆறு தேவைப்படும்.

இன்று ஒரே பெரிய தாளுக்குப் பதிலாகப் பல தாள்கள். 2015இல் வந்த விண்டோஸ் 10இலிருந்து, விண்டோஸ், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப் ஒன்று திறக்கும். பெரியப்பாவுக்கு இரண்டு அமைத்துக் கொடுத்தேன். ஒன்றில் நாளிதழ், மற்றொன்றில் ஆண்டு மலர்.

ஆண்டு மலரைத் திறந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த முறை முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை.

"இரண்டு சுழிதான் போட்டிருக்கிறான்" என்றார். 'மல்லிகை மனம்' என்பதில் ஒரு சுழியைக் கூட்டி, 'மல்லிகை மணம்' ஆக்கினார்.

உங்கள் வீட்டிலும் யாராவது திரையை முட்டிக்கொண்டு படிக்கிறார்களா? அந்தத் திரையோடு பிறந்த எண் எது என்று இன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள்.