வெப்பம் தாங்கும் நெகிழியின் தெளிவைக் காப்பது எப்படி?

வாகன முகப்பு விளக்கின் மூடி முதல் மருத்துவக் கருவிகள் வரை பாலிகார்பனேட் நெகிழி பயன்படுகிறது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவன வேதியியலாளர் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய இது, எளிதில் உடையாது. ஏறத்தாழ 90 சதவீத ஒளியை ஊடுருவ விடும். ஆனால், 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகிவிடும்.

மருத்துவக் கருவிகளை 134 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் முறை உள்ளது. இளகும் நிலைக்கு அருகிலுள்ள இவ்வெப்பத்தில் அவை உருக்குலையக்கூடும்.

வெப்பம் தாங்கும் வேறு நெகிழியைக் கலந்தால் போதாதா? இரண்டும் மூலக்கூறு அளவில் ஒன்றாகாவிட்டால், ஒன்று மற்றொன்றினுள் நுண்துளிகளாகத் தங்கும். அவற்றின் ஒளிவிலகல் எண்களும் வேறுபட்டால், ஒளி சிதறிப் பொருள் பால்போல் மங்கிவிடும். மின்னணுக் கருவிகளின் உறைகளில் பயன்படும் பாலிகார்பனேட்-ஏபிஎஸ் கலவை தெளிவற்றிருப்பது இதனால்தான்.

எனவே, பாலிகார்பனேட் குடும்பத்தையே சேர்ந்த, பருத்த மூலக்கூறு அலகுகளைக் கொண்ட நெகிழி சேர்க்கப்படுகிறது. ஒத்த அமைப்புடையது என்பதால் அது முழுமையாகக் கலக்கிறது, தெளிவு நீடிக்கிறது. பருத்த அலகுகள் மூலக்கூறுச் சங்கிலியின் அசைவைத் தடுப்பதால், இளகும் வெப்பநிலை உயர்கிறது.

எனினும், அதன் விகிதம் கூடினால் மோதலைத் தாங்கும் வலிமை குறையும். உருக்கி வார்ப்பதும் கடினமாகும். ஆகவே, தேவையான வெப்பத்துக்கு ஏற்ற அளவிலேயே அது சேர்க்கப்படுகிறது.