கட்டியவரிடமிருந்து வாங்கும் விமானம்

தொழிற்சாலையில் அல்லாமல், தனியொருவர் தமது கராஜிலோ கொட்டகையிலோ தம் கையாலேயே கட்டிப் பறக்கவிடும் சிறு விமானம் பல நாடுகளின் சட்டம் ஏற்றுக்கொண்ட தனி வகையாகும். வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேற்பட்டதை, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்கா இதற்கு வைத்துள்ள அளவுகோல். வரைபடத்தை மட்டும் வாங்கி எல்லாவற்றையும் தாமே வெட்டி ஒட்டுபவரும், பாகங்கள் தயாராக வந்து சேரும் ‘கிட்’ என்ற தொகுதியை வாங்கிப் பூட்டுபவரும் இந்த அளவுகோலுக்குள் அடங்குவர். கட்டும் பொறுமை இல்லாமல் பறக்கும் ஆசை மட்டும் உள்ளவர், பிறர் கட்டியதை விலைக்கு வாங்குவதற்கும் தடையில்லை. அப்போது விமானத்தோடு அதைக் கட்டியவரின் அறிவும் கைமாறுகிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இத்தகைய முயற்சிகள் தெற்காசியாவுக்குப் புதியவை அல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், தமது யோசனைப்படி சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானத்தை 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மும்பையின் விமானி அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016இல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, நீண்ட காத்திருப்பின் பின் 2017இல் பதிவு பெற்றது. ஆலப்புழையில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் அசோக் தாமராட்சன், பெருந்தொற்றுக் காலத்தில் ‘ஸ்லிங்’ என்ற தென்னாபிரிக்கக் கிட்டைக் கொண்டு நான்கு இருக்கை விமானமொன்றைக் கட்டித் தம் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார். இவற்றில் எதுவும் விற்பனைக்காகக் கட்டப்பட்டதன்று. ஆனால் கட்டியவருக்கு வயதாகும்போதோ அடுத்த விமானத்தில் மனம் செல்லும்போதோ இத்தகைய விமானங்கள் சந்தைக்கு வருவது உலகெங்கும் இயல்பு.

கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொலவைத் தாண்டி ஓடும் பழைய வான் ஒன்றை வாங்குபவருக்கு, அதே மாதிரியில் ஆயிரக்கணக்கான வான்கள் ஓடுவதால், அதன் குணங்குறைகளை எந்தக் கராஜ் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். சுயமாகக் கட்டிய விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த இரண்டு விமானங்களில்கூட எரிபொருட் குழாய் வேறு வழியில் ஓடலாம், மின்கம்பிகளின் நிறம் மாறலாம், கட்டியவர் ஓர் இரவில் நல்லதென்று நினைத்துச் செய்த மாற்றம் எந்தக் கையேட்டிலும் ஏறாமல் அவர் நினைவில் மட்டுமே இருக்கலாம்.

பாடகர் ஜோன் டென்வரின் மரணம் இதை வேறெந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. பேர்ட் ரூட்டன் வடிவமைத்த ‘லோங் ஈசி’ என்பது, நுரைப் பலகைக்கு மேல் கண்ணாடியிழை ஒட்டிக் கட்டப்படும், எஞ்சின் பின்புறமும் சிறிய இறக்கை முன்புறமும் அமைந்த இரண்டு இருக்கை விமானமாகும். டெக்சாஸில் ஒருவர் 1987இல் கட்டி முடித்த லோங் ஈசி ஒன்று இடையில் வேறொருவர் கைக்குப் போய், 1997 ஒக்டோபரில் டென்வரிடம் வந்தது. இடது, வலது தொட்டிகளில் எதிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் திருகுபிடி, வடிவமைப்பின்படி விமானியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது. விமானி அமரும் பகுதிக்குள் எரிபொருட் குழாய் வரலாகாது என்று கருதிய அந்தக் கட்டுநர் அதை விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் பொருத்தினார். அவர் எண்ணம் நல்லதே, தீ விபத்தை அஞ்சிச் செய்ததே. ஆனால் அந்தப் பிடியில் எழுத்தோ அடையாளமோ இல்லை. தொட்டியிலுள்ள எரிபொருளின் அளவைக் காட்டும் கண்ணாடியிலும் கோடுகள் இல்லை. பிடியைத் திருப்ப விமானி உடம்பையே முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தது.

டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. எனினும் இவ்வகை விமானத்தில் அவர் பெற்ற பழக்கம் மிகக் குறுகியது. பிடி எட்டவில்லை என்பது புறப்படுமுன்பே பேசப்பட்டு, குறடு வைத்து நீட்டிப் பார்த்தும் பயன்படவில்லை. எரிபொருள் நிரப்புவோமா என்று கேட்டபோது, சிறிது நேரமே பறக்கப் போவதாகக் கூறி அவர் மறுத்தார். அன்று, ஒக்டோபர் 12இல், கலிபோர்னியாவின் மொண்டரே குடாவில் விமானம் விழுந்தது. பின்னால் திரும்பித் தொட்டியை மாற்ற முயன்றபோது உடலைத் தாங்க வலது காலை ஊன்றி, அதனால் திசைமாற்றும் மிதியை அறியாமல் அழுத்தியதே கட்டுப்பாடு இழக்கக் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது; எரிபொருள் நிரப்பாமை, பிடியின் இடம், அடையாளமின்மை, போதாத பயிற்சி ஆகியவற்றையும் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. இடையில் இருந்த உரிமையாளரைத் தாண்டி, “ஏன் இதை இங்கே வைத்தீர்கள், நீங்கள் எப்படித் திருப்பினீர்கள்?” என்று கட்டியவரிடமே கேட்கும் வாய்ப்பு டென்வருக்கு அமையவில்லை.

அதே சபை 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஆண்டு விபத்துக்குள்ளான சுயகட்டு விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை பிறரிடமிருந்து வாங்கப்பட்டவை; அப்படி வாங்கப்பட்ட 125இல் 14, புதிய உரிமையாளரின் முதற் பறப்பிலேயே விபத்துக்குள்ளானவை.

ஆகவே கட்டியவரையே நேரில் சந்தித்து வாங்குவது பெரும் வசதி. அவரிடம் கேட்க வேண்டியவை விலைப் பேரத்தோடு முடிவதில்லை: கட்டும்போது எடுத்த படங்கள், குறிப்பேடு, வரைபடத்திலிருந்து விலகிய இடங்களின் பட்டியல், தராசில் ஏற்றி நிறுத்து எழுதிய எடைக் கணக்கு, முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்புகளின் பதிவு. மூடிய இறக்கைக்குள் எப்படி ஒட்டப்பட்டுள்ளது என்பதற்கு அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. ‘வான்ஸ்’ நிறுவனத்தின் ஆர்வீ கிட்டுகளில் சில பாகங்களுக்கு லேசர் கதிரால் துளையிட்டதில் விரிசல் எழும் சிக்கல் 2023இல் தெரியவந்தபோது, எந்தப் பாகம் எப்போது வந்தது என்பதை ஒழுங்காகக் குறித்துவைத்தவர்களே கவலையின்றி இருந்தார்கள். அதே வகை விமானத்தைக் கட்டிய இன்னொருவரை அழைத்துவந்து பார்ப்பதும், விற்பவரோடு சேர்ந்து பறந்து பழகுவதும் வாங்குபவரின் செலவில் மிகக் குறைந்தவை, ஆனால் மிகுதியாகக் கைவிடப்படுபவையும் அவையே.

இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் கட்டியவருக்கு, தாம் கட்டிய விமானத்தை ஆண்டுதோறும் தாமே பரிசோதித்துக் கையொப்பமிடும் உரிமையைத் தரும் சான்றிதழ் கிடைக்கிறது. அது அவருடைய ஆளுக்குரியதேயன்றி விமானத்துக்குரியதன்று. வாங்கியவர் பொதுவாக அந்த வேலைக்கு உரிமம் பெற்ற மெக்கானிக்கைத் தேட வேண்டும், அதுவும் இத்தகைய விமானத்தைத் தொடத் துணியும் மெக்கானிக்கை. மறுபுறம், உற்பத்தியாளர் என்ற இடத்தில் கட்டியவரின் பெயரே விமானத்தின் தகட்டில் நிலைத்திருப்பதால், விற்றபின் விழுந்தால் வழக்கு தம் வாசலுக்கு வருமோ என்ற அச்சம் விற்பவருக்கும் இருக்கிறது. அந்த அச்சத்தால் பேச வேண்டியதையும் பேசாமல் விடுபவர், அதே அச்சத்தால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பவர் என இரு தரத்தாரும் உண்டு. இரண்டாமவரிடம் வாங்குவது நல்லது.

இலங்கைக்கு இத்தகைய விமானத்தைக் கொண்டுவர நினைப்பவருக்கு இன்னொரு தடையும் எழும். சிக்காகோ உடன்படிக்கையின்படி நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்வது முறையான பறப்புத் தகுதிச் சான்றிதழையே. சுயகட்டு விமானங்களுக்குத் தரப்படும் பரிசோதனை வகைச் சான்றிதழ் அதில் அடங்காததால், பிற நாட்டு வானில் பறக்க அந்தந்த நாட்டின் தனி அனுமதி வேண்டும். இங்கு பதிவு செய்து ‘4ஆர்’ என்ற அடையாளத்தைப் பெறுவதும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் தீர்மானத்துக்குட்பட்டது என்பதால், முற்பணம் கொடுக்கும் முன்பே அங்கே விசாரிப்பது முறை. பறந்து வர இயலாத விமானம் இறக்கை கழற்றப்பட்டுக் கொள்கலனில் கப்பலேறும். கழற்றிய நாளில் கட்டியவர் உடனிருப்பதையும், எந்த இணைப்பில் எத்தனை வாஷர், எந்த போல்ட் எவ்வளவு இறுக்கம் என்பதை அவர் தம் கையால் எழுதிக் கொடுப்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.