வாலில் குட்டி சுமக்கும் தாய்

சகோதரிகளே! புத்தளத்துக்கு வடக்கே, கடலைத் தொட்டுக் கிடக்கும் வில்பத்துக் காட்டில் அழுங்கு வாழ்கிறது. பகலெல்லாம் வளைக்குள் உறங்கி இரவில்தான் இரை தேடும். அல்லாஹ் அதற்குப் பல்லைக் கொடுக்கவில்லை. பசையுள்ள நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் ஒற்றி எடுத்து உண்கிறது. பெரும்பாலும் ஒரே குட்டிதான். தாய் அதை வாலில் ஏற்றிச் சுமக்கும். ஆபத்து வந்தால் வயிற்றோடு அணைத்துப் பந்தாகச் சுருளும்.

சிறுத்தையே திணறும் அந்தக் கவசம், மனிதனிடம் பலிப்பதில்லை. அவன் அப்படியே தூக்கிச் செல்கிறான். இறைச்சிக்கும், மருந்தென்று நம்பும் செதிலுக்கும் கொல்கிறான். செதிலோ நம் நகத்திலுள்ள அதே கெரட்டின்தான்! 2017 முதல் பன்னாட்டு வணிகமும் தடை. செதிலை மருந்தென்று யாரும் நீட்டினால் மறுத்துவிடுங்கள். வாயில்லா உயிரும் நம்மிடம் அமானிதமே.